ஹை வோல்டேஜ் வந்து போன வீட்டில் என்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில்?

பல்பு திடீரென்று கண் கூச எரிகிறது. மின்விசிறி தலைதெறிக்கச் சுற்றுகிறது. எங்கோ 'டப்' என்று ஒரு சத்தம், கூடவே கருகல் வாடை. சில நேரம் இந்த அறிகுறிகூட இருக்காது. பக்கத்தில் எங்கோ இடி விழும், அதோடு டிவி அணைந்துவிடும். இப்படி ஆனதும் எல்லோருக்கும் முதலில் கை போவது சுவிட்சுக்குத்தான். எது போச்சு, எது இருக்கு என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்போம். அதைத்தான் செய்யக் கூடாது. லைனில் கோளாறு இன்னும் இருந்தால், தப்பித்த சாதனத்தையும் நாமே பலி கொடுத்ததாகிவிடும். 

முதலில் எல்லாவற்றையும் பிரித்து வையுங்கள்

மெயின் சுவிட்சை அணையுங்கள். இன்வெர்ட்டர், யு.பி.எஸ்., சோலார் எது இருந்தாலும் அதையும் தனியாக அணைக்க வேண்டும். மெயினை அணைத்தாலும் அவை வீட்டுக்குள் மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டிருக்கக்கூடும். மெயின் பெட்டியிலிருந்தே புகை வந்தாலோ, நிற்கும் தரை ஈரமாக இருந்தாலோ பெட்டியைத் தொடாமல் வெளியே வந்து, மின்சாரம் வழங்கும் நிறுவனத்தையும் தேவைப்பட்டால் தீயணைப்புத் துறையையும் கூப்பிடுங்கள். மின் சாதனம் எரிந்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. உலர் பவுடர் அல்லது கார்பன் டை ஆக்சைடு அணைப்பான்தான் அதற்கு.

மெயின் அணைந்ததும் பிளக்குகளைப் பிடுங்குங்கள். சுவரில் உள்ள சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. பல வீடுகளில் அது மின்சாரம் வரும் ஃபேஸ் ஒயரை மட்டும்தான் துண்டிக்கும். அது திரும்பிப் போகும் நியூட்ரலும், தரையோடு சேர்க்கும் எர்த்தும் சாதனத்தோடு இணைந்தேதான் இருக்கும். டிவியின் ஆன்டெனா ஒயர், இன்டர்நெட் ஒயர், தொலைபேசி ஒயர் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: வெளியே இடி இடித்துக்கொண்டிருக்கும்போது இந்த வேலையில் இறங்காதீர்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகட்டும். அதுவரை ஒயர் உள்ள எதையும் தொடாமல் இருப்பதே நல்லது.

லேப்டாப், பவர் பேங்க், யு.பி.எஸ். மாதிரி பேட்டரி உள்ளவற்றைத் தொட்டுப் பார்க்கும்முன் கண்ணால் பாருங்கள். உப்பியிருந்தால், சுட்டால், இனிப்பு கலந்த ரசாயன வாடை அடித்தால் அதை வீட்டுக்குள் வைக்காதீர்கள். எரியும் பொருள் இல்லாத திறந்த இடத்தில் வையுங்கள். சார்ஜரில் போட்டுச் சோதிக்கும் எண்ணமே வேண்டாம்.

வந்தது என்ன?

இந்தக் கேள்விக்குப் பலரும் மெனக்கெடுவதில்லை. ஆனால் எந்தச் சாதனம் போயிருக்கும், யாரிடம் புகார் செய்வது, அடுத்த முறை வராமல் எதை மாட்டுவது என்பதெல்லாம் இதற்கான பதிலைப் பொறுத்ததுதான்.

ஒரு வகை, இடியாலும் பெரிய லைன்களை இணைப்பதாலும் துண்டிப்பதாலும் வருவது. ஆயிரக்கணக்கான வோல்ட் வரை எகிறும். ஆனால் நீடிப்பது மைக்ரோ நொடிக் கணக்கில். பல்பு பிரகாசமாவதைப் பார்க்கக்கூட நேரம் இருக்காது. சேதமும் தாறுமாறாக இருக்கும்: ஒரே அறையில் டிவி போயிருக்கும், அதன் பக்கத்திலேயே இருந்த ஸ்பீக்கர் நன்றாக இருக்கும். இந்த வகை மின்சார ஒயர் வழியாக மட்டும் வருவதில்லை. இன்டர்நெட் ஒயர், ஆன்டெனா ஒயர் வழியாகவும் வரும். அதனால் டிவி ஓடும், ஆனால் ஹெச்.டி.எம்.ஐ. துளை வேலை செய்யாது. கணினி ஓடும், ஆனால் நெட்வொர்க் துளை செத்திருக்கும்.

இன்னொன்று நியூட்ரல் அறுவது. வீடுகளில் மொத்தமாகச் சாதனங்கள் போவதற்கு இது பெரிய காரணம். மூன்று ஃபேஸ் லைனில் ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட், இரண்டு ஃபேஸ்களுக்கு நடுவே 400 வோல்ட். நியூட்ரல் ஒயர் எங்காவது அறுந்தாலோ, ஜாயின்ட் தளர்ந்து கருகினாலோ, வெவ்வேறு ஃபேஸில் ஓடும் சாதனங்கள் அந்த 400 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளும். லோடு அதிகமுள்ள பக்கம் வோல்டேஜ் இறங்கும், குறைவான பக்கம் எகிறும். ஒரு பக்கம் பல்பு மங்கி, இன்னொரு பக்கம் பளீரென்று எரிந்தால் சந்தேகமே வேண்டாம், நியூட்ரல்தான். 120 வோல்ட் ஓடும் நாடுகளிலும் கதை இதேதான். அங்கே இரண்டு பக்கமும் சேர்ந்து 240 வோல்ட்டைப் பங்கு போடும்.

இது மைக்ரோ நொடியில் முடிகிற சமாசாரமில்லை. யாராவது கவனித்து அணைக்கும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். 230 வோல்ட்டுக்குச் செய்த ஹீட்டருக்கு 400 வோல்ட் போனால் வெப்பம் மூன்று மடங்காகும். டிவி, சார்ஜர், எல்.இ.டி. பல்பு போன்றவற்றின் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர் பெரும்பாலும் 400 அல்லது 450 வோல்ட் தாங்குவது. 230 வோல்ட் ஏசி மின்சாரத்தின் உச்சம் சுமார் 325 வோல்ட்தான் என்பதால் வழக்கமான நாளில் அதற்கு இது தாராளம். 400 வோல்ட் ஏசி வந்தால் உச்சம் 566-ஐத் தொடும். அப்போதுதான் அந்த 'டப்' சத்தம்.

இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வரும்: மெயின் பெட்டியில் தானாக விழும் சுவிட்சான எம்.சி.பி. இருந்ததே, ஏன் விழவில்லை? எம்.சி.பி. பார்ப்பது கரன்ட் அளவை, வோல்டேஜை இல்லை. ஆர்.சி.சி.பி. என்ற இன்னொரு தானியங்கி சுவிட்ச் பார்ப்பது மின்கசிவை. உள்ளே ஏதாவது ஷார்ட் ஆன பிறகுதான் அவை விழும். அதற்குள் சேதம் முடிந்துவிட்டிருக்கும்.

லைன் சரியா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

இதற்கு உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் வேண்டும். அவர் மல்டிமீட்டரில் மூன்று அளவுகள் பார்க்க வேண்டும்: ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த். 230 வோல்ட் லைனில் 10 சதவீதம் கூடக் குறைய, அதாவது 207 முதல் 253 வரை இருந்தால் ஏற்கலாம். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒருசில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் காரணம் தேட வேண்டும்.

அளப்பதை லோடு இல்லாமல் ஒரு முறை, இஸ்திரிப் பெட்டி மாதிரி கனமான ஒன்றைப் போட்டு ஒரு முறை என்று இரண்டு தடவை செய்யச் சொல்லுங்கள். தளர்ந்த நியூட்ரல் லோடு இல்லாதபோது நல்ல பிள்ளையாக 230 காட்டும். லோடு ஏறியதும் சாயம் வெளுக்கும். டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரை மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு "கரன்ட் வருது சார், எல்லாம் ஓகே" என்று சொல்பவரின் வார்த்தையை நம்பிப் பிளக் போடாதீர்கள். டெஸ்டர் நியூட்ரலைப் பற்றி உறுதியாக எதையும் சொல்லாது.

அப்படியே ஆர்.சி.சி.பி.யில் உள்ள டெஸ்ட் பட்டனை ஒரு முறை அழுத்திப் பாருங்கள். லைன் இருக்கும்போது அழுத்தினால் உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அதை மாற்றியாக வேண்டும். எந்த சாக்கெட்டாவது கருகியிருந்தாலோ, சுவருக்குள்ளிருந்து வாடை வந்தாலோ ஒயரிங்கின் இன்சுலேஷனை மெக்கரில் சோதிக்கச் சொல்லுங்கள். மெக்கர் போடும்முன் எல்லாச் சாதனங்களையும் கழற்றிவிட வேண்டும். அது 500 வோல்ட்டில் சோதிக்கும் கருவி.

எதையும் கழற்றும்முன் படம் எடுங்கள்

இழப்பீடு கேட்கும் எண்ணம் இருந்தால் இந்த வேலை பழுது பார்ப்பதற்கு முன்னால் நடக்க வேண்டும். என்றைக்கு, எத்தனை மணிக்கு நடந்தது, என்ன பார்த்தீர்கள், பக்கத்து வீடுகளில் என்ன ஆனது என்று அன்றைக்கே எழுதிவையுங்கள். சாதனத்தின் படம், பின்புறம் ஒட்டியிருக்கும் சீரியல் எண், கருகிய இடம், மெயின் பெட்டி, மீட்டர் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். மின் நிறுவனத்திடம் புகாரை வாயால் சொன்னதோடு விடாமல் எழுத்தில் கொடுத்து, புகார் எண் வாங்குங்கள். அவர்களுடைய ஆள் வந்து நியூட்ரலைச் சரி செய்தால், என்ன பழுது பார்த்தார் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் "அன்று ஒன்றும் நடக்கவில்லையே" என்று பதில் வந்தால் கையில் இருப்பது அதுதான்.

வீட்டுக் காப்பீடு இருந்தால் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். தீ விபத்துக்கு மட்டும் உள்ள பத்திரத்தில் மின் பழுது அடங்காமல் போகலாம். அதற்குத் தனிப் பிரிவு சேர்த்திருக்க வேண்டியிருக்கும். இத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற கெடுவும் அதில் இருக்கும். ஆய்வாளர் பார்க்கும்வரை செத்த சாதனத்தைத் தூக்கிப் போடாதீர்கள். மாற்றிய போர்டையும் மெக்கானிக்கிடம் விட்டுவிடாமல் திரும்ப வாங்கிவையுங்கள். "போர்டு போயிடுச்சு" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தந்தால் செல்லாது. எந்தப் பாகம், அதிக மின்னழுத்தத்தால் பழுது, மாற்ற என்ன செலவு என்று கடையின் முத்திரையோடு வாங்குங்கள். உற்பத்தியாளரின் வாரண்டியை இதற்கு அதிகம் நம்ப வேண்டாம். பெரும்பாலான வாரண்டிகளில் வோல்டேஜ் கோளாறு விலக்குப் பட்டியலில் இருக்கும். ஆனாலும் கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

ஒவ்வொன்றாகப் போடுங்கள்

லைன் சரி என்று தெரிந்த பிறகு முதலில் ஒரு பல்பைப் போட்டுச் சிறிது நேரம் விடுங்கள். வெளிச்சம் நிலையாக இருக்கட்டும். அடுத்து மின்விசிறி. அப்புறம்தான் விலை உயர்ந்தவை. ஒவ்வொன்றையும் பிளக்கில் மாட்டும்முன் மூக்கால் ஒரு முறை, காதால் ஒரு முறை சோதியுங்கள். காற்றுத் துளைகளிடம் முகர்ந்தால் கருகல் வாடை தெரியும். சின்னச் சாதனத்தை மெதுவாகக் குலுக்கினால் உடைந்த பாகம் உள்ளே உருளுவது கேட்கும். இந்த இரண்டில் ஒன்று இருந்தாலும் பிளக் வேண்டாம், நேரே மெக்கானிக்.

விலை உயர்ந்தவற்றில் முதல் இடம் ஃபிரிட்ஜுக்கு, உள்ளே உணவு இருப்பதால். கதவைத் திறக்காமல் இருந்தால் ஃபிரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிர்ச்சியைத் தாங்கும். நிறைய அடைத்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம். எனவே பதற வேண்டாம். ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரசர் நின்றதும் உடனே மறுபடி போட்டால் உள்ளே உள்ள அழுத்தத்தை எதிர்த்துக் கிளம்ப முடியாமல் திணறும். குறைந்தது 5 நிமிடம் கழித்துப் போடுங்கள். உள்விளக்கு எரிந்து, கம்ப்ரசர் 'டக்' என்று கிளம்பப் பார்த்துச் சில நொடியில் அடங்கினால் அணைத்துவிடுங்கள். கம்ப்ரசரைக் கிளப்பும் ஸ்டார்ட்டிங் ரிலே அல்லது அதைக் காக்கும் ஓவர்லோடு சுவிட்ச் போயிருக்கலாம். கம்ப்ரசரே போயிருக்க வேண்டும் என்பதில்லை.

பிளக் போட்டதும் எம்.சி.பி. விழுந்தால் உள்ளே நேரடி ஷார்ட். ஆர்.சி.சி.பி. விழுந்தால் மின்சாரம் உலோக உடம்புக்குக் கசிகிறது என்று பொருள். "இன்னொரு தடவை தூக்கிப் பார்ப்போம்" என்று திரும்பத் திரும்பத் தூக்காதீர்கள். ஆர்.சி.சி.பி. இல்லாத வேறு சாக்கெட்டில் மாட்டுவது இன்னும் மோசம், உயிரோடு விளையாடுவது.

அடாப்டரில் ஓடும் சாமான்களுக்கு ஒரு நல்ல செய்தி. ரவுட்டர், லேப்டாப், செட்-டாப் பாக்ஸ் அசையவில்லை என்றால் பெரும்பாலும் அடி வாங்கியது அடாப்டர்தான். அதே வோல்ட், அதே அளவு அல்லது கூடுதல் ஆம்பியர், அதே முனை, உள்ளே பிளஸ் மைனஸ் அதே திசை உள்ள வேறொன்றை மாட்டிப் பாருங்கள். இதைச் செய்யாமல் நல்ல ரவுட்டரைத் தூக்கி எறிபவர்கள் நிறைய.

செத்தது முழுசாகவா?

மெக்கானிக்கிடம் பேச இந்தப் பகுதி உதவும். பெரும்பாலான மின்னணுச் சாதனங்களில் மின்சாரம் நுழையும் இடத்தில் ஒரு கண்ணாடி அல்லது பீங்கான் ஃபியூஸ் இருக்கும். அதையடுத்து, பட்டன் அளவில், பெரும்பாலும் நீல நிறத்தில் ஒரு வட்டத் தகடு. அதன் பெயர் எம்.ஓ.வி., அதாவது வேரிஸ்டர். துத்தநாக ஆக்சைடால் ஆனது. வழக்கமான வோல்டேஜில் சும்மா இருக்கும். அளவு மீறினால் மின்சாரத்தைத் தன் வழியாக இழுத்துக்கொண்டு, வாசலில் நின்று அடி வாங்கும் காவலாளியாக, உள்ளே போக விடாமல் மறிக்கும். அடி பெரிதானால் தானே ஷார்ட் ஆகி ஃபியூஸை எரித்துவிடும். அந்தத் தகடு பிளந்து, சுற்றிலும் புகைக்கரி படிந்திருந்தால் அது நல்ல சகுனம். உள்ளே இருப்பவை தப்பித்திருக்க வாய்ப்பு உண்டு. ஃபியூஸும் அந்தத் தகடும் மாற்றினாலே பல டிவிகளும் வாஷிங் மெஷின்களும் எழுந்துவிடும். அடுத்த கட்டத்தில் போவது டயோடு பிரிட்ஜ், பெரிய கெபாசிட்டர், ஸ்விட்சிங் டிரான்சிஸ்டர். அதுவும் மாற்றக்கூடியதே.

எனவே திறந்து பார்க்காமலே "மொத்த போர்டும் மாத்தணும்" என்றால், எந்தப் பாகம் போயிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். தெரிந்தவர் காட்டுவார். இன்னொரு பழக்கத்தையும் கவனிக்க வேண்டும். ஷார்ட் ஆன எம்.ஓ.வி.யை வெட்டி எடுத்துவிட்டு ஃபியூஸை மட்டும் மாற்றினாலும் சாதனம் ஓடும். சில கடைகளில் அப்படியே கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அடுத்த முறை அடி நேரே உள்ளே இறங்கும். புது எம்.ஓ.வி. போட்டாயிற்றா என்று கேளுங்கள். ஃபியூஸுக்குப் பதில் ஒயர்த் துண்டைச் சுற்றிக் கொடுத்தால் அந்தக் கடைக்கு மறுபடி போகாதீர்கள்.

நீங்களே திறந்து பார்க்க ஆசைப்பட்டால் ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும். இன்வெர்ட்டர் ஏசி, டிவியின் பவர் போர்டு எல்லாம் இந்த ரகம். மைக்ரோவேவ் அவனைத் திறக்கவே கூடாது. அதன் கெபாசிட்டர் ஆயிரக்கணக்கான வோல்ட்டில் வேலை செய்வது. பிளக் இல்லாமலே ஆளைக் கொல்லும்.

இஸ்திரிப் பெட்டி, கெட்டில், பழைய மாடல் மின்விசிறி போன்றவை இந்தக் கூட்டத்தில் கெட்டியானவை. பெரும்பாலும் பிழைத்துவிடும். போனாலும் எலிமென்ட், தெர்மல் ஃபியூஸ், கெபாசிட்டர் என்று சின்னச் செலவில் முடியும்.

சரி, பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா? பழுதுச் செலவு புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால், சாதனத்துக்கும் வயதாகியிருந்தால், விட்டுவிடலாம். ஆனால் போர்டு மட்டும் போன ஃபிரிட்ஜையும் ஏசியையும் அவ்வளவு சீக்கிரம் கழிக்காதீர்கள். அவற்றில் விலை கூடிய பாகம் கம்ப்ரசர். அது நன்றாக இருந்தால் போர்டுக்குச் செலவழிப்பதில் அர்த்தம் உண்டு. கணினி போய்விட்டால் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வேறொன்றில் மாட்டிப் பாருங்கள், தகவல்கள் தப்பித்திருக்கக்கூடும்.

ஓடுகிறது என்று விட்டுவிடாதீர்கள்

அன்று தப்பித்தவை எல்லாம் முழு ஆரோக்கியம் என்று சொல்ல முடியாது. அடி வாங்கிய எம்.ஓ.வி. பலம் குறைந்திருக்கும், கெபாசிட்டர் லேசாக உப்பியிருக்கும். அடுத்த சில வாரங்களுக்கு வழக்கத்துக்கு மாறான சூடு, ரீங்காரம், தானாக அணைந்து மறுபடி ஓடுவது இருக்கிறதா என்று கவனியுங்கள். அதுவரை வீட்டில் ஆள் இல்லாதபோதும் தூங்கும்போதும் அவற்றின் பிளக்கைப் பிடுங்கிவைப்பது நல்லது. சர்ஜ் (திடீர் வோல்டேஜ் எகிறல்) பாதுகாப்பு உள்ள பவர் ஸ்ட்ரிப்பில் 'பாதுகாப்பு' விளக்கு அணைந்திருந்தால், அது இனி வெறும் எக்ஸ்டென்ஷன் பெட்டிதான். மின்சாரம் வருகிறதே என்று ஏமாற வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

அடுத்த முறைக்கான ஏற்பாட்டில்தான் மேலே கேட்ட கேள்வி, வந்தது இடியா நியூட்ரலா என்பது, மறுபடி வருகிறது. இடி வகைக்கு மெயின் பெட்டியில் எகிறும் மின்சாரத்தை எர்த்துக்குத் திருப்பிவிடும் எஸ்.பி.டி. என்ற கருவியை மாட்ட வேண்டும். வீட்டு டி.பி. பெட்டிக்கு (லைன்கள் அறைகளுக்குப் பிரியும் பெட்டி) டைப் 2. கூரையில் இடிதாங்கி இருந்தால் நுழைவாயிலில் டைப் 1-உம் வேண்டும். எர்த் நன்றாக இல்லாவிட்டால் எஸ்.பி.டி. ஒழுங்காக வேலை செய்யாது. அதை இணைக்கும் ஒயர்களின் மொத்த நீளம் அரை மீட்டரைத் தாண்டக் கூடாது. நீளமாகச் சுருட்டி மாட்டினால் பலன் போய்விடும். பெரும்பாலானவற்றில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். பச்சை சிவப்பானால் உள்ளே இருக்கும் துண்டை மாற்ற வேண்டும்.

நியூட்ரல் வகைக்கு எஸ்.பி.டி. உதவாது. மணிக்கணக்கில் நீடிக்கும் அதிக வோல்டேஜில் அதுவே கருகிவிடும். அங்கே வேண்டியது ஓவர்-அண்டர் வோல்டேஜ் ரிலே. நீங்கள் வைக்கும் எல்லையைத் தாண்டினால் வீட்டையே துண்டித்துவிட்டு, லைன் சரியான பிறகு சில நிமிடம் பொறுத்துச் சேர்க்கும். அந்தத் தாமதம் கம்ப்ரசர்களுக்கும் நல்லது. ஒரு சாதனத்துக்கு மட்டும் பாதுகாப்பு போதும் என்றால் ஹை கட்-ஆஃப் உள்ள ஸ்டெபிலைசர் வாங்கலாம். வாங்கும்போது கட்-ஆஃப் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். வோல்டேஜை ஏற்றி இறக்க மட்டும் தெரிந்த மாடல்களும் உண்டு.

இதையெல்லாம் மாட்ட வரும் எலக்ட்ரீஷியனிடமே, மீட்டரிலிருந்து டி.பி. பெட்டி வரை உள்ள ஒவ்வொரு நியூட்ரல் ஸ்க்ரூவையும் இறுக்கிவிட்டுப் போகச் சொல்லுங்கள். மீட்டரில் சீல் இருந்தால் அந்தப் பக்கத்தை மின் நிறுவனத்தின் ஆள்தான் தொட வேண்டும். அதற்கும் எழுத்திலேயே கேளுங்கள்.